தெரு முனையில் இறங்குகிறவன்

நண்பா,

காலையில் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் நீலகிரித் தைலத்தைத் திறந்தார். அந்த வாசனை வந்ததுமே நீ வந்து நின்றுவிட்டாய். ஆட்டத்துக்கு முன் இரண்டு முழங்காலிலும் அதைத்தான் அரக்கி அரக்கித் தேய்ப்பாய். இப்போதெல்லாம் நீ வருவதற்கு இவ்வளவுகூடத் தேவைப்படுவதில்லை. எங்காவது கூடைப்பந்து தட்டும் சத்தம் கேட்டால் போதும், ரிங்குக்குக் கீழே இடப்பக்கம் உன் முதுகு தெரிகிறது. போய்ப் பார்த்தால் யாரோ பள்ளிக்கூடப் பையன்கள்.

பாபநாசத்தில் உன்னை மதகு என்றுதான் கூப்பிடுவோம். நீ குறுக்கே நின்றால் ஒரு பயல் உள்ளே வர முடியாது. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான் என்று இன்றுவரை பீற்றிக்கொள்கிறேன். சைக்கிள் கடைக்காரர் மகனான எனக்குப் பந்து பிடிக்க வராது, ஓரத்தில் நின்று கத்த மட்டும்தான் வரும்.

ரிங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாய். பின்னால் ஒருவன் உன்னை முட்டித் தள்ளிக்கொண்டிருப்பான். பந்து கைக்கு வந்ததும் உடனே ஒன்றும் செய்யமாட்டாய். அந்த ஒரு நொடி கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இடது தோளைச் சற்றே அசைப்பாய். அவன் அந்தப் பக்கம் பாய்வான். நீ மறுபக்கம் திரும்பி, தலைக்கு மேலே ஒற்றைக் கையால் பந்தை விடுவாய். அது போர்டில் தட்டி வலைக்குள் இறங்கும்போது நீ திரும்பி ஓடிக்கொண்டிருப்பாய். குதித்துப் போடுகிற எத்தனையோ பேரைப் பிறகு பார்த்துவிட்டேன். அந்த நிதானம் ஒருவனிடமும் இல்லை. "திரும்பிப் பாக்காமலே எப்படிடா?" என்று கேட்டதற்கு, "அவன் மூச்சு எந்தத் தோள்ல விழுதுன்னு பாப்பேன், அவ்வளவுதான்" என்றாய்.

ஜெயித்த அன்று மாலை போட்டு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு டீக்கடை வரை போவோம். வழியில் பெரிய தெரு. எங்கள் கிளப் தலைவரான மிராசுதார் வீடு அங்கேதான். முனை வந்ததும் என் மண்டையில் ஒரு தட்டு தட்டுவாய். "இறக்குடா." இறங்கி, வாய்க்கால் கரையோடு சுற்றிக்கொண்டு டீக்கடைக்கு வந்து சேர்வாய். அவர் வயலில் கூலிக்கு அறுக்கிற உன் தெருக்காரர்கள் யாரும் கழுத்தில் மாலையோடு அந்த வழியே போனதில்லை. மைதானத்தில் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உனக்குக் கை தட்டுகிறவரும் அதே மிராசுதார்தான்.

ஆட்சி மாறிய புதிது. மேடைக்கு மேடை நியாயக் கூலி பேசினார்கள். வயலில் சிவப்புக் கொடி நட்டார்கள். அந்தத் தை அறுவடையில் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக, மிராசுதாரின் ஆட்கள் உன் அப்பாவை நெற்களத்திலிருந்து பிடித்துத் தள்ளினார்கள். மிச்ச அறுப்புக்கு வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். அதே வாரம்தான் இறுதி ஆட்டம். திருச்சியில் ஒரு தொழிற்சாலை அணிக்கு ஆள் பிடிக்க ஒருவர் வந்திருந்தார். அணியில் இடம், கூடவே வேலை. கிளப் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அன்று நீ ஆடியதைப் போல் நீகூட அப்புறம் ஆடவில்லை. தூக்கிக்கொண்டு போனோம். முனை வந்தது. என் மண்டையில் தட்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

"நேராப் போடா" என்றாய்.

போனோம். மிராசுதார் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ஆள் விட்டார். "வந்து வாசல்ல நின்னு தப்புன்னு சொல்லச் சொல்லு. அப்புறம் திருச்சிக்காரர்கிட்ட பேசறேன்." போய்ச் சொல்லிவிட்டு வா என்று உன்னிடம் கெஞ்சினேன். "தோள்ல உக்காந்தது தப்புன்னா தூக்கினதும் தப்புதானே? நீயும் வந்து நிப்பியா?" என்று சிரித்தாய். திருச்சிக்காரர் வேறொருவனைக் கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு கிளப்பிலும் உன்னைச் சேர்க்கவில்லை. கிடைத்த அணிக்கெல்லாம் ஆடினாய். நரைத்த பிறகும் முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டு வந்து நிற்பாய்; இளவட்டங்கள் அதே இடது தோளுக்கு ஏமாறுவார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே திருவிடைமருதூரிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர்கள் இருந்தார்கள். உன் உச்சகாலம் எங்களோடு முடிந்துபோனது. வெளியில் யாரிடம் சொன்னாலும் கதை என்கிறார்கள்.

போன ஐப்பசி மழையில் நீ போனாய். வாய்க்கால் கரை முழுகிக் கிடந்ததால் பாடையைப் பெரிய தெரு வழியாகவே கொண்டுபோனோம். தடுக்க ஆளில்லை. மிராசுதார் வீடு இப்போது கல்யாண மண்டபம். உன்னை அன்று தூக்கியவர்களில் மிஞ்சிய கிழவர்கள்தான் முன்னால் தோள் கொடுத்தோம். முனை வந்ததும், சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் நின்றுவிட்டோம்.

"ஏன் மாமா நின்னுட்டீங்க? போங்க" என்றான் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன உன் மகன்.

நீ தட்டுவாய் என்று நின்றோம்.

அப்புறம் நேராகப் போனோம். சுடுகாட்டில் பாடையை இறக்கினோம். மற்றவர்கள் தோளைத் தடவிக்கொண்டு வீடு திரும்பினார்கள். என் தோளிலிருந்து நீ இன்னும் இறங்கவில்லை.