ரெண்டாவது கோடு

அம்மாவுக்கு மகளோட வணக்கம். நான் நல்லா இருக்கேன். மாடிப்படி ஏறினா உனக்கு இன்னும் மூச்சு வாங்குதா? மறைக்காம எழுது.

இங்க லேப்ல ஒரு கூத்து. ஒரு சொட்டு ரத்தத்தை வெச்சு, உனக்கு வந்த அந்தக் காய்ச்சல் ஒருத்தருக்கு முன்னாடி வந்துபோச்சான்னு சொல்ற கிட் வந்திருக்கு. வந்திருந்தா ரெண்டு கோடு விழும். அது நிஜம் சொல்லுதான்னு பார்க்கிறதுதான் எங்க வேலை. காய்ச்சலே வராதவங்க ரத்தம் வேணும்னாங்க. பெரிய இவளாட்டம் நான் விரலை நீட்டினேன். ரெண்டு கோடு விழுந்துச்சு. "பொய் சொல்லுது, தூக்கிப் போடுங்க"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். எங்க லேப் மேடம் என் ரத்தத்தைப் பெரிய மெஷின்ல போட்டுப் பார்த்தாங்க. கிட் சொன்னதுதான் சரி. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

ரூமுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது. லீவுல வந்தப்ப தொண்டை கரகரன்னு இருந்துச்சே, பயணக் களைப்புன்னு உன் மடியில படுத்தேனே. மறுவாரம்தான் நீ படுக்கையில விழுந்தே.

உன் பழைய போர்வையை அனுப்பு, இங்க குளிர் தாங்கல. எதிர்வீட்டு அக்காதான் உனக்குக் காய்ச்சலை ஒட்டவெச்சாங்கன்னு அவங்களோட பேசாம இருக்கியே, இன்னைக்கே போய்ப் பேசிடும்மா. என்ன திடீர்னு கேட்டாங்கன்னா, என் பேரைச் சொல்லு.

லேப் பஸ் வந்துடுச்சு, முடிச்சுக்கறேன்.

உன் மகள்