அப்பா இஸ்திரி போட்ட பர்கர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா என்னைவிட நலம், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஓட்டல் முதலாளியும் ஏதோ நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எனக்கு அது போதும். உன் கடிதம் வந்தது. தையல் கடையை மூடிவிட்டு ஓய்வாக இருக்க வேண்டிய மனிதரை நான் வேலை பார்க்கிற ஓட்டல் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய் அடுப்பு முன்னால் நிறுத்திவிட்டேன் என்று கோபப்பட்டிருக்கிறாய், அவரை உன்னிடம் அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறாய். நியாயத்தை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுப் பேசு. கடையை மூடிய பிறகு அந்தக் கை சும்மா இருந்ததா? வீட்டு ஜன்னல் திரைகளைக் கழற்றி, கீழ்மடிப்பு கோணல் என்று பிரித்துத் தைத்து, மறுபடியும் பிரித்துத் தைத்து, கடைசியில் திரை ஜன்னலில் பாதிக்கு ஏறிவிட்டது, நம் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று எதிர்வீட்டுக்காரி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தலையணை உறைக்கெல்லாம் பாக்கெட் வைத்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் விளக்குக்கூடப் போடாமல் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், மிஷினில் துணி இல்லை, கால் மட்டும் மிதித்துக்கொண்டிருக்கிறது. மறுநாள்தான் முதலாளியிடம் போய், பர்கர் கறி சுடுகிற கல்லுக்கு ஆள் தேடுகிறீர்களே, என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, சரி, ஆனால் நல்லது கெட்டது எல்லாம் தலைமைச் சமையல்காரி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அப்படித்தான் உன் அப்பா எனக்குக் கீழே வேலைக்கு வந்தார். எங்கள் சமையலறையில் நான் என்ன சொன்னாலும் எல்லாரும் சரி மேடம் என்று பதில் சொல்ல வேண்டும், அது வழக்கம். அப்பா அதைச் சொல்கிற பவ்யத்தை நீ கேட்க வேண்டும், பாத்திரம் கழுவுகிற அக்கா ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள். வாய் சரி மேடம் என்கிறது, கை தன் இஷ்டத்துக்கு வேலை செய்கிறது. பர்கர் கறியில் பதம்தான் எல்லாம். மேலே கருகக் கூடாது, உள்ளே சிவப்பு நிற்கக் கூடாது, சாறும் வெளியே ஓடிவிடக் கூடாது. முழுத்துண்டு கறி என்றால் மேல்பக்கம் நன்றாக வெந்தால் போதும், பர்கருக்குப் போடுகிற கொத்துக்கறி அப்படி இல்லை, மேலே ஒட்டியிருக்கும் கிருமி அரைபடும்போது உள்ளே போய்விடும், அதனால் நட்டநடுவில் எழுபத்தோரு டிகிரி சூடு ஏறியாக வேண்டும். இவ்வளவையும் சொல்லிக்கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினேன், கல்லிலிருந்து ஸ்ஸ் என்று ஒரு சத்தம். என்னவென்று பார்த்தால், கனமான தட்டைக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கறியை அழுத்தி அழுத்தி இழுக்கிறார். இஸ்திரி போடுகிறார்! விரலால் தண்ணீர் வேறு தெளித்துக்கொள்கிறார். ஓரமெல்லாம் மடிப்பில்லாமல் இருக்க வேண்டுமாம். சாறு முழுக்கக் கல்லில் ஓடி ஆவியாகிப் போக, அந்தச் சத்தத்தைக் கேட்டு முகத்தில் அப்படி ஒரு திருப்தி. தினமும் மதியம் வருகிற டாக்சி டிரைவர் தட்டைத் திருப்பி அனுப்பி, பன்னுக்குள் இருப்பது கறியா செருப்பு அட்டையா என்று கேட்டுவரச் சொன்னார்.

அந்தக் கரண்டியைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டு, அழுத்தினால் வளைகிற மெல்லிசுக் கரண்டியைக் கொடுத்தேன், இஸ்திரி நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வம்பு. தெர்மாமீட்டரைக் கறிக்குள் குத்த மாட்டேன் என்கிறார். நல்ல சரக்கில் ஓட்டை போட்டு எவனாவது அளவு எடுப்பானா, ஆளைப் பார்த்தே இடுப்பளவு சொன்ன கண் இது என்று வியாக்கியானம். அந்தக் கண் பார்த்த லட்சணத்தில் ஒரே மேஜைக்குப் போன இரண்டு பர்கரில் ஒன்று கரி, இன்னொன்று நடுவில் ரத்தச் சிவப்பு. இரண்டும் திரும்பி வந்தன. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போன சமையல்காரனால் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியிருக்கிறோம், இந்த வாரம் சுகாதார அதிகாரி வரப்போகிறார், ஒரு சிவப்புக் கறி அவர் கண்ணில் பட்டால் சமையலறைக்குப் பூட்டுதான், அதனால் உங்கள் வீட்டுக்காரரிடம் நீங்களே சொல்லி நிறுத்திவிடுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் எந்த வாயால் சொல்வது? வேலை வேண்டாம் என்று சொன்னால் அப்பா சத்தம் போடாமல் வீட்டுக்குப் போவார், மறுபடியும் அந்த வெறும் மிஷினை மிதிப்பார். எனக்கு அதை இன்னொரு தடவை பார்க்கத் தெம்பு இல்லையடி. இந்த ஒரு வாரம் மட்டும் பொறுங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சிவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பாவிடம், “குண்டூசி குத்தாம என்னிக்காவது ஒரு சட்டை தைச்சிருக்கீங்களா? அப்ப துணி கெட்டுப் போச்சா?” என்று மட்டும் கேட்டேன். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், போய்ப் படுத்துக்கொண்டார். குத்துவாரா மாட்டாரா என்று தெரியாமல் நான்தான் புரண்டு புரண்டு படுத்தேன்.

அதிகாரி சரியாகக் கூட்ட நேரத்தில் வந்து சேர்ந்தார். கண்ணாடி போட்ட ஒரு பெண், அதிகம் பேசவில்லை, குளிர்பெட்டியைப் பார்த்தார், கை கழுவும் இடத்தைப் பார்த்தார், நேரே அப்பா பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அப்பா ஒரு கறியை எடுத்துப் பன்னில் வைக்கப் போகிற சமயம், அது வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் கேட்டார். உன் அப்பா தெர்மாமீட்டரை எடுத்தார். மூக்கு கறியில் இடிக்கிற அளவு குனிந்து, மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில், தையல் ஓரத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி நடுமையம் வரை அலுங்காமல் ஏற்றினார். அறுபத்து நாலு. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அப்பாவோ கறியைத் திரும்பக் கல்லில் போட்டுவிட்டு, “இது ட்ரையல்தாங்க. டெலிவரிக்குக் கொஞ்சம் பொறுக்கணும்” என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டார், பொறுத்தும் நின்றார். அடுத்த தடவை எழுபத்திரண்டு. வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு இல்லை, சாறு மட்டும் மினுமினுக்கிறது.

சரி, பிழைத்தோம் என்று நினைத்தேன். அதிகாரி என் பக்கம் திரும்பி, உங்கள் தலைத்தொப்பி எங்கே என்றார். தலையைத் தொட்டுப் பார்த்தால் இல்லை. பதற்றத்தில் எப்போதோ கழற்றிக் கைக்குள் வைத்துப் பிழிந்துகொண்டிருந்திருக்கிறேன். அந்தச் சமையலறை முழுவதிலும் கண்டுபிடித்த ஒரே குற்றம் என்னுடையது! முதலாளி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். அப்போது உன் அப்பா ஒரு அடி முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, “மேடம் மேல தப்பில்லைங்க. வீட்டுல ஒரு ஆளு ரொம்பத் தொல்லை குடுக்குறாரு. அந்தக் கவலை” என்றார். பாத்திரம் கழுவுகிற அக்கா தொட்டிக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டாள். விஷயம் தெரியாத அதிகாரி என்னைப் பாவமாகப் பார்த்து, இனிமேல் தொப்பியைக் கழற்றாதீர்கள் என்று வாய்வார்த்தையோடு விட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. அந்த மனிதர் என் கவலை எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறார்.

முதலாளி அதற்கப்புறம் நிறுத்துகிற பேச்சையே எடுக்கவில்லை. அப்பாவை அனுப்பச் சொல்லி நீ எழுதியதை நேற்று அவருக்குப் படித்துக் காட்டினேன். உன்னைப் பார்க்க அவருக்கு ஆசைதான், கண் கலங்கியது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நம் வீட்டுக் கூடத்திலேயே என் முன்னால் விறைப்பாக நின்று, மகளைப் பார்க்க ஒரு மாதம் லீவு வேண்டும் மேடம் என்று கேட்டார். கிடையாது என்று சொல்லிவிட்டேன். நான் கொடுக்க மாட்டேன் என்று தெரிந்துதான் கேட்டார்.

அதனால் நீங்கள் இரண்டு பேரும் இங்கே கிளம்பி வாருங்கள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல், வயிறும் மனசும் நிறைந்து நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். கொத்துக்கறி வாங்கினால் அன்றைக்கே சமைத்துவிடு, அவசரப்பட்டு இறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா