இவருடைய பக்கம்

16.11.1997, ஞாயிறு

நான் சமையல் வேலை செய்கிற கடை முதலாளி இன்று என்னையும் மகளையும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் ஸ்பெயினிலிருந்து இங்கே வந்த வலென்சியாக் கடற்கரைக்காரர். வீட்டில் எத்தனை பேர் என்று முன்பு கேட்டபோது, பழக்கத்தில் என் கணவரையும் சேர்த்து மூன்று என்று சொல்லிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் மேசையில் தட்டே இல்லை. கணவாயும் இறாலும் போட்ட மஞ்சள் சோறு, அகன்ற சட்டியோடு நடுவில் இருந்தது. எங்களுக்கென்று மூன்று மரக்கரண்டிகள். அவரவர் தனக்கு முன்னால் இருக்கிற பங்கை மட்டும் சாப்பிட வேண்டுமாம், அடுத்தவர் பக்கம் கரண்டி போகக்கூடாதாம்.

வராத என் கணவர், இவருடைய பக்கம் அப்படியே கிடந்தது. ஊரில் ஆமி இவரைப் பிடித்துக்கொண்டு போனபோது மகள் என் வயிற்றில் இருந்தாள்.

"அம்மா, அப்பான்ரை பக்கத்தை நான் சாப்பிடட்டா?" என்றாள்.

"ஓம், சாப்பிடு."

நானா சொன்னேன்? இவர் வருவார் என்று எல்லோரோடும் சண்டை பிடிக்கிற நானா?

அடியில் முறுகிய சோறுவரை சுரண்டித் தின்றாள். நாங்கள் இருக்கிற ஸ்காபரோவுக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "இனி அப்பா வந்தா அவருக்கு என்னம்மா குடுக்கிறது?"

"வரட்டும், சமைப்பம்" என்று சொல்லியிருக்கலாம். அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் பருக்கையைத் துடைத்துவிட்டேன்.