கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் அருங்காட்சியகம் மூன்று கூட்டங்கள் நடத்தி, ஒரு துணைக்குழுவும் அமைத்து, சென்ற திங்களன்று வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவை எடுத்தது. கிண்ணத்தில் ஊற்ற வேண்டியது வெந்நீர் அல்ல, பச்சைத் தண்ணீர். தீர்மானத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

எந்தக் கிண்ணம் என்று கேட்பாய். ஏழு வருஷமாக ஜப்பானிய வீட்டுப் பாத்திரங்களை ஆராய்கிற எனக்கு, பொதுமக்களுக்கான மாலை நிகழ்ச்சியில் இருபது நிமிஷம் ஒதுக்கினார்கள். ஜப்பானில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் தூரப் பயணம் போயிருந்தால், அவருக்கும் வேளாவேளைக்குப் பரிமாறி அவர் இடத்தில் வைப்பார்கள். சற்றுப் பொறுத்துக் கிண்ணத்தின் மூடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் போனவர் சுகம் என்று அர்த்தம். சூடான சாப்பாட்டை மூடி வைத்தால் நீர் கோக்காமல் என்ன செய்யும்? பரிமாறிய பெண்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்பதுதான் என் ஆராய்ச்சியின் சாரம்.

நிகழ்ச்சியில் அப்படியே பரிமாறி வைத்துக் காட்டலாம் என்றேன். சாப்பாடு வைத்தால் எறும்பு வரும் என்று தள்ளிவிட்டார்கள். வெந்நீராவது ஊற்றலாம் என்றேன். ஆவி கிளம்பினால் பக்கத்தில் தொங்கும் ஓவியச் சுருளின் கதி என்ன என்று கேட்டார் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. நாங்கள் அவரை ‘ஈரப்பதம்’ என்று கூப்பிடுவோம். கிண்ணம் மூடித்தானே இருக்கப் போகிறது, உள்ளே எது இருந்தால் யாருக்கு என்ன என்றார் இயக்குநர். நியாயமாகத்தான் பட்டது.

அப்பா வருவார் என்று நான் நினைக்கவில்லை. நீ கப்பலேறிப் பதினைந்து மாதம். உன்னிடமிருந்து ஒரு வரி வந்து பதினொரு மாதம். அவர் மருந்துக்கடையைத் தாண்டிப் போவதே இல்லை. அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் முப்பத்தொரு பேர். பாதிப் பேர் ஏசிக்காக.

கேள்வி நேரத்தில் ஒருவர், இதற்கும் தற்காப்புக் கலைக்கும் சம்பந்தம் உண்டா என்றார். ஒரு அம்மாள் கழிப்பறை எங்கே என்று கேட்டார். அன்று நான் திருப்தியாகப் பதில் சொன்ன ஒரே கேள்வி அது. பிறகு அப்பா எழுந்து, “நீர் கோக்கலேன்னா என்னம்மா அர்த்தம்?” என்றார். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றேன்.

அவர் தடுப்புக் கயிற்றைத் தாண்டி வந்து மூடியைத் தூக்கினார். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் பார்த்தவர். மூடியை விளக்குப் பக்கம் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் ஒரு சுற்றுத் தடவினார். பொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. பழையபடி மூடி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லாம் முடிந்த பிறகு காவலாளி வந்து, “பெரியவரே, தொடக் கூடாதுங்க” என்றார்.

பஸ்ஸில் சொன்னேன்: “அப்பா, அது வெறும் பச்சைத் தண்ணி. கமிட்டில முடிவு பண்ணது.” “சரிம்மா” என்றார். தீர்மானத்தின் நகலை எடுத்துக் காட்டினேன். படித்துப் பார்க்காமலே, “எனக்காக நீ எதை வேணா எழுதுவே” என்றார்.

அப்படி அவர் சொல்லக் காரணம் உண்டு. என் ஆபீசுக்கு உன் போன் வந்ததாக மூன்று முறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் முறை உனக்குச் சளி. இரண்டாம் முறை தேறிவிட்டாய். மூன்றாம் முறை பதவி உயர்வு கொடுத்தேன். மூன்றுக்கும் தலையாட்டினார். இப்போது முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன், எடுபடவில்லை.

கப்பல் கம்பெனி விலாசத்துக்கே இதையும் அனுப்புகிறேன். கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள். நீளமாக எழுத வேண்டாம். ஒரு தபால் அட்டையில் நம் வீட்டு விலாசத்தை மட்டும் உன் கையால் எழுதிப் போடு. உன் கையெழுத்தைப் பழகிப் பார்த்தேன். அந்த ‘ழ’ எனக்கு வரவில்லை. எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. உடம்பு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உன்னிடம் சாவி இருக்கிறது, எந்த நேரம் வந்தாலும் திறந்துகொள்வாய் என்று அப்பா வாசல் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருந்தார். நிகழ்ச்சிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, அப்பா கூப்பிட்டுத் தச்சர் வந்து அதைத் திரும்பப் பொருத்திவிட்டுப் போனார்.