கூரைக்குள் ஒரு கடப்பு

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? ராத்தாவும் மச்சானும் சுகமா? அல்லாஹ்வின் கிருபையால் எனக்கு ஒரு குறையுமில்லை.

செய்தியில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். வெளிநாட்டாரை விரட்டச் சொல்லி ஒரு கூட்டம் எங்கள் தெருவால் போனது, அவ்வளவுதான்.

நான் வாடகைக்கு இருப்பது இருநூறு வருஷப் பழைய வீடு. பன்னிரண்டு வீடுகள் ஒட்டியபடி, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாளிகை. கதவுகளும் ஒன்றுபோல, பலமுறை பக்கத்து வீட்டுப் பூட்டில் என் திறப்பைப் போட்டிருக்கிறேன்.

அன்று மஃரிப் தொழுகை நேரம் யாரோ கீழ்க்கதவை உதைத்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு மேல்மாடியில் ஒடுங்கியிருந்தேன். தலைக்கு மேலே காலடிச் சத்தம்.

"யா அல்லாஹ், கூரையாலயும் வந்திட்டானுகள்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கூரைக்குள் ஏறும் பலகைக் கதவு திறந்தது. டோர்ச் வெளிச்சத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி டோரினின் முகம். பன்னிரண்டு வீட்டுக்கும் கூரைக்குள்ளே தடுப்புச் சுவரே கட்டவில்லையாம். நம் வீட்டுக்கும் ராத்தா வீட்டுக்கும் நடுவே வேலியில் ஆள் நுழைய விட்டிருக்கும் கடப்பைப் போலத்தான். ஏணியை இறக்கி அவள் ஆங்கிலத்தில் அழைத்தது, நீங்கள் அழைப்பதாகவே எனக்குக் கேட்டது: "கடப்பால வா புள்ள."

கூட்டம் போகும்வரை அவள் வீட்டில் தேநீர் குடித்தேன்.

காவலுக்கு ஆயத்துல் குர்ஸி எழுதிய சிறிய அட்டை ஒன்று அனுப்புங்கள். கதவின் உள்பக்கம் ஒட்டுகிறேன், வெளியில் தெரியாது.

வேலைக்கு நேரமாகிறது. மச்சான் வேலியைப் பிடுங்கி மதில் கட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். கட்டட்டும். கடப்பை மட்டும் அடைக்க விடாதீர்கள் உம்மா.

மகள்
றுமைஸா