மஞ்சள் வைத்த விண்ணப்பம்

அக்கா,

சாமி அலமாரியில் விரித்திருந்த பழைய தாளை மாற்றலாமென்று இழுத்தேன். அடியிலிருந்து அந்த ஃபாரம் வந்தது. கற்பூர வாசனை ஏறிப் போயிருக்கிறது. நான்கு மூலையிலும் நான் வைத்த மஞ்சள் மங்கவே இல்லை. கடைசிப் பக்கத்தில் கோட்டைத் தாண்டி ஓடுகிறது உங்கள் கையெழுத்து.

பிரிக்பீல்ட்ஸில் தையல்கடைக்கு மேலே இருந்த நம் ஹாலில் பதினான்கு பாய்கள். பாலத்தடியிலும் கடையோரத்திலும் படுத்துக் கிடந்தவர்களை உறவினரைப்போல் கூட்டி வந்தீர்கள். மாதம் முடிவதற்குள் அடுத்த ஓராண்டு வாடகையை முன்கூட்டியே கட்டினால்தான் ஹால் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். ஒரு நல நிதியின் மானியம்தான் ஒரே வழி. காய்கறி சுற்றி வந்த பத்திரிகைகளில் மலாய் கற்ற என்னை நம்பி எழுதச் சொன்னீர்கள்.

"எல்லாருக்கும் முகவரி கேக்குறாங்கக்கா. என்ன போட?"

"நம்ம ஹால் அட்ரஸ்தான். பதினாலு தடவ எழுது. கை வலிச்சா நான் புடிச்சு வுடுறேன் லா."

செந்தூல் ரயில் பட்டறையில் முன்பு வேலை பார்த்த பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தன் பெயருக்கு எதிரே முகவரி ஏறியதும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார்.

புதன் மாலை எழுதி முடித்தோம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். "நாளைக்கே கொண்டு போய்க் குடுத்துடும்மா," என்றீர்கள்.

வியாழன் அஷ்டமி. வெள்ளி காலை பத்து வரை நவமி. பத்தரைக்கு ராகுகாலம். நல்ல காரியமாயிற்றே என்று ஃபாரத்தைச் சாமி முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பன்னிரண்டு அடித்த பிறகுதான் மினிபஸ் ஏறினேன். அலுவலகம் ஜும்ஆ தொழுகைக்காக அடைத்திருந்தது. படியில் உட்கார்ந்திருந்தேன். திறந்ததும் உள்ளே இருந்த பெண் முதல் பக்கத்தின் அடியில் விரல் வைத்தாள்: நண்பகல் பன்னிரண்டுக்குள். வரவு செலவில் ஒரு காசு பிசகாமல் எழுதிய நான், அந்த வரியைப் படிக்கவில்லை.

"சுடா தூத்தோப், காக்," என்றாள் மலாயில். முடிந்துவிட்டது, அக்கா.

திரும்பி வந்தபோது வாசலில் நின்றிருந்தீர்கள்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்கா."

அன்று முதல் தபால்காரரை வழிமறித்து, "எங்களுக்கு ஏதும் இருக்கா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். வேறு எங்காவது உதவி கேட்டிருக்கலாம். பதில் வரும் என்று நம்பியதால் கேட்கவில்லை. மாதம் முடிந்து ஹால் போனது. பாய்களைக் கயிற்றில் கட்டினோம். பெரியவர் பாலத்தடிக்கே திரும்பினார். அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை அவர். சுடுகாட்டிலிருந்து வரும் வழியில் நீங்கள், "நீ நல்லாதான் எழுதுன. நமக்குக் கொடுப்பினை இல்ல," என்று சொல்லி என் கையைப் பிடித்துவிட்டீர்கள். வலித்தது கை அல்ல, அக்கா. 

இப்போது கிள்ளானில் ஆதரவற்றோருக்கான ஒரு சிறு இல்லத்துக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கிறேன். விளக்கேற்றாத நாள் இல்லை. பஞ்சாங்கமும் பார்க்கிறேன், ஃபாரத்துக்கு மட்டும் பார்ப்பதில்லை. போன வெள்ளி ராகுகாலத்தில்தான் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முத்திரை குத்தும் சத்தம் கேட்கும்வரை நகரவில்லை. குத்திய பிறகும் நின்றேன். "இன்னும் என்ன ஆன்டி?" என்று கேட்டான் அங்கிருந்தவன். ஒன்றும் இல்லை என்றேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியதுதான் இருந்தது. அந்தப் பதில் தபாலில் தவறவில்லை, அக்கா. நான் கொடுக்கவே இல்லை.