இன்னொரு ஆட்டம்

செயின்ட் பால்
12 அக்டோபர் 1986

அன்புள்ள டார்லீனுக்கு,

நலம்தானே? நீங்கள் பெற்று என் கையில் கொடுத்த லோர்னாவுக்குப் பத்து வயதாகிவிட்டது. சீட்டாட்டத்தில் அவளை ஜெயிக்க எங்கள் தெருவில் ஆளில்லை. நான் விரல்விட்டு எண்ணுவதற்குள் கூட்டிச் சொல்லிவிடுகிறாள். பல்கலைக்கழகத்தில் அவளைச் சோதித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இந்த மூளை பிறப்பில் வந்ததா, வளர்ப்பில் வந்ததா என்று பார்க்க உங்களையும் சோதிக்க வேண்டுமாம். வருவீர்களா? எனக்குக் கூட்டலே தகராறு. இது உங்கள் சொத்தாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
கெர்டா

டுலூத்
20 அக்டோபர்

அன்புள்ள கெர்டா அவர்களுக்கு,

பத்து வருடமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் எழுதிய கை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடத்தில்தான் எனக்கு வேலை. அங்கே நாலு தடத்தின் புள்ளிகளையும் பென்சில் இல்லாமல் கூட்டுவேன். சின்ன வயதில் கடைக்காரர் கணக்கைத் திருத்தினால், "பெரிய மேதாவி. வாய மூடுடி" என்பார் அப்பா. மூடிக்கொண்டேன். பதினாறு வயதில் பள்ளிக்கூடமும் நின்றது.

சோதனைக்கு வரமாட்டேன். மதிப்பெண் குறைந்தால் அவளுக்கு அவமானம். கூடினால், நான் எதையெல்லாம் இழந்தேன் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதை நினைத்தால்தான் அதிகம் பயமாக இருக்கிறது.

டார்லீன்

செயின்ட் பால்
28 அக்டோபர்

அன்புள்ள டார்லீன்,

சோதனையை விடுங்கள். நீங்கள் புள்ளி கூட்டுவதை லோர்னாவிடம் சொன்னேன். "அவங்களும் மனசுலயே கூட்டுவாங்களா? அப்ப என்கூட ஆட வரச் சொல்லும்மா. உன்னை ஜெயிச்சு ஜெயிச்சு போரடிக்குது" என்கிறாள். கொழுப்பைப் பாருங்கள். வருகிற சனிக்கிழமை மதியம் சாப்பிட வாருங்கள். அவளைப் பார்க்க உங்களுக்கும் ஆசை இருக்கும் அல்லவா?

கெர்டா

டுலூத்
4 நவம்பர்

அன்புள்ள கெர்டா,

சனிக்கிழமை லோர்னாவிடம் விட்டுக்கொடுத்து ஆட எனக்கு வரவில்லை, மன்னியுங்கள். அவள் வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். தோற்காமல் தப்பியதே பெரிய பாடு.

ஆனால் பேருந்தில் வழியெல்லாம் வேறொன்றை நினைத்துக்கொண்டு வந்தேன். தோற்றதும் அவள் அழுதாள். நீங்கள் அதட்டப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ சீட்டுக்கட்டை அவள் பக்கம் தள்ளி, "அழுது முடிச்சிட்டு இன்னொரு ஆட்டம் போடு" என்றீர்கள். அவளும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சீட்டைக் கலைத்தாள்.

கூட்டல் என்னிடமிருந்து வந்திருக்கலாம், கெர்டா. அந்த இன்னொரு ஆட்டம் என்னிடம் இருந்ததே இல்லை. அது உங்கள் வீட்டில் கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் என் பெயரைக் கொடுங்கள். வருகிறேன். மதிப்பெண் கூடினாலும் குறைந்தாலும், அன்று சாயங்காலம் எனக்கும் சீட்டுப் போட்டு வையுங்கள்.

டார்லீன்